மலையடிவாரத்து ஊரும் மக்கள் கணக்கும்

ஓர் ஊரில் எத்தனை பேர் வாழ முடியும்? இந்தக் கேள்விக்கு விடை காண ஊரிலுள்ள வீடுகளை எண்ணினால் போதாது. ஊருக்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சற்றுத் தெற்கே ஒதுங்கி, மலையை ஒட்டினாற்போல் இருக்கும் கன்னிவாடியை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். இது ஒரு பேரூராட்சி. பெயரில் 'பேரூர்' இருந்தாலும் வாழ்க்கை முறையில் இது கிராமமே; வயலும் தோப்பும் கிணறும்தான் இதன் அடிப்படை. (தாராபுரம் பக்கத்திலும் ஒரு கன்னிவாடி உண்டு. வரைபடத்தில் தேடும் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் பேசுவது திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடியைப் பற்றி.)

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்ட ஒரு கையைப் போன்றது பழனி மலை. மேற்கே ஆனைமலையோடு தோள் சேர்ந்து, கிழக்கே ஏறத்தாழ 65 கிலோ மீட்டர் நீண்டு, திண்டுக்கல் சமவெளியில் முடிகிறது. இதன் மேற்குப் பாதி உயரமானது; 2,000 மீட்டருக்கு மேல் எழும் அந்தப் பகுதியில்தான் கொடைக்கானல் இருக்கிறது. கிழக்குப் பாதி தாழ்ந்தது. 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயரமுள்ள அந்தப் பகுதியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலை முதலிய ஊர்கள் இருக்கின்றன. காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் இந்தக் கிழக்கு மலைகளின் அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது கன்னிவாடி. ஊரிலிருந்து தெற்கிலும் தென்மேற்கிலும் நிமிர்ந்து பார்த்தால் மலைதான் தெரியும்.

கன்னிவாடியிலிருந்து கொடைக்கானலுக்கு நேர்கோட்டுத் தொலைவு சுமார் 40 கிலோ மீட்டரே. ஆனால் உயர வேறுபாடு 1,800 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு கிலோ மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்ற பொது விதியைப் பயன்படுத்தினால், இரண்டு ஊர்களுக்குமிடையே ஏறத்தாழ 12 டிகிரி வேறுபாடு வரும். சித்திரை மாதத்தில் இங்கே வியர்த்துக் கொட்டும்போது அங்கே கம்பளி தேடுகிறார்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு தட்பவெப்பங்கள்!

இந்த மலை எந்தப் பாறையால் ஆனது தெரியுமா? பெரும்பகுதி 'சார்னோகைட்' என்னும் கடினமான, கருமை கலந்த பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார், அவர் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்துவிட்டார். அந்தக் கல்லறைக் கல்லோ சென்னைப் பக்கத்திலிருந்து போனது! இந்தப் பாறையில் மணற்கல்லில் இருப்பது போன்ற நுண்துளைகள் கிடையா. இந்தச் சிறு செய்தியை மறந்துவிடாதீர்கள். கிணற்றைப் பற்றிப் பேசும்போது இது பெரிய செய்தியாக மாறப் போகிறது.

ஊர் ஏன் அடிவாரத்தில் அமைந்தது?

மழை பெய்ததும் மலைச்சரிவில் ஓடைகள் வேகமாக இறங்குகின்றன. அடிவாரத்தில் சரிவு திடீரென்று குறைவதால் நீரின் வேகமும் குறைகிறது. ஓடும் நீர் உருட்டிச் செல்லக்கூடிய மிகப் பெரிய கல்லின் எடை, நீரின் வேகத்தின் ஆறாவது அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்பது பழைய நீரியல் விதி. வேகம் இரட்டித்தால் 2×2×2×2×2×2, அதாவது 64 மடங்கு கனமான கல்லை நீர் உருட்டும். வேகம் பாதியானால் அந்தத் திறன் அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே சரிவு குறையும் இடத்தில் நீர் தன் சுமையை இறக்குகிறது. முதலில் உருண்டைக் கற்கள், சற்றுத் தள்ளி மணல், இன்னும் தள்ளி வண்டல். பல ஆயிரம் ஆண்டுகளாக இப்படி இறங்கிய சுமைதான் அடிவாரத்து மண். அது ஆழமானது, நீரை உள்ளே விடக்கூடியது. சமவெளியின் நடுவில் பாறை தலைகாட்டும் கரட்டைவிட இங்கே வேர் ஆழமாக இறங்கும், கிணறும் எளிதில் ஊறும். மலையைச் சுற்றி வரைபடத்தில் ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். ஊர்கள் மாலை கோத்தாற்போல் அடிவாரத்தைத் தொடர்வதைக் காண்பீர்கள்.

ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்ற பெயர்களைக் கவனித்திருப்பீர்கள். சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். மலையைச் சுற்றிக்கொண்டு பழனிக்குச் சென்ற பாதையின் வரலாறு இந்தப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்ப்பெயர்களும் புவியியல் கற்றுத்தரும் என்பதற்காகச் சொன்னேன். இனி மழைக்குப் போவோம்.

காற்று இறங்கும்போது காய்கிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. அதே காற்று மலையைத் தாண்டிக் கன்னிவாடிப் பக்கம் வரும்போது பெரும்பாலும் வறண்டுவிடுகிறது. 'மலை மழையைத் தடுத்துவிடுகிறது' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தடுப்பது எப்படி என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம்.

மேலேறும் காற்று விரிவடைகிறது. விரிவடையும் வாயு குளிர்கிறது. மேகம் உண்டாகாதவரை அது கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். மேகம் உண்டாகத் தொடங்கியதும், நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் காற்றைச் சூடேற்றுவதால், குளிரும் வீதம் பாதியாகி 5 டிகிரி அளவில் நிற்கும். மேற்குக் கடற்கரையில் 28 டிகிரியில் புறப்படும் காற்று 500 மீட்டர் ஏறியதும் மேகமாகிறது என்று கொள்வோம். அப்போது அதன் வெப்பநிலை 23 டிகிரி. மேலும் 1,500 மீட்டர் ஏறி மலையுச்சியை அடையும்போது 7.5 டிகிரி குறைந்து 15.5 டிகிரி ஆகிறது. ஈரத்தின் பெரும்பகுதியை மழையாக இழந்த அந்தக் காற்று இப்போது 1,700 மீட்டர் இறங்கிக் கன்னிவாடி உயரத்துக்கு வருகிறது. இறங்கும் காற்று அழுந்துகிறது. மேகம் இல்லாததால் கிலோ மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. 15.5 உடன் 17 சேர்த்தால் 32.5 டிகிரி! 28 டிகிரியில் ஈரமாகப் புறப்பட்ட காற்று 32.5 டிகிரியில் உலர்ந்து வந்து சேர்கிறது. இது எளிமையாக்கிய கணக்குத்தான். ஆயினும் ஆடி மாதக் காற்று ஏன் மண்ணிலிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது என்பது இதிலிருந்து விளங்கும். இதனையே மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

கன்னிவாடிக்கு மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று. அந்தக் காற்றுக்குப் பழனி மலையின் கிழக்குச் சரிவும் வடக்குச் சரிவும் முகப்பாக அமைகின்றன. ஐப்பசியும் கார்த்திகையும் நன்றாகப் பெய்தால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு. பொய்த்தால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்; நடுவே வரும் கோடை மழை ஆறுதல்தான், ஈடு ஆகாது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. மழையின் முக்கியப் பகுதி மூன்றே மாதங்களில் அடங்கிவிடும் ஊர்களுக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பது கோடி லிட்டரும் எழுபது லட்சம் லிட்டரும்

இப்போது கேள்விக்கு வருவோம். ஒரு சதுர கிலோ மீட்டர் என்பது 10 லட்சம் சதுர மீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் நீர் கிடைக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர கிலோ மீட்டரில் விழும் நீர் 80 கோடி லிட்டர்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள் தொகை 21,59,775. மக்கள் நெருக்கம், அதாவது ஒரு சதுர கிலோ மீட்டரில் வாழ்பவர் எண்ணிக்கை, ஏறத்தாழ 350. கிராமப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குழாய் நீர் வழங்க வேண்டும் என்பது இப்போதைய அரசுத் திட்டத்தின் அளவு. 350 பேர், 55 லிட்டர், 365 நாள், பெருக்கிப் பாருங்கள். சுமார் 70 லட்சம் லிட்டர் வரும். விழும் மழையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

அப்படியானால் தண்ணீர்ப் பஞ்சம் ஏன்? மழையில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் ஆவியாகிவிடுகிறது. ஒரு பகுதி ஓடிவிடுகிறது. கடினப் பாறை நிலத்தில் கீழே இறங்கி நிலத்தடி நீராவது பத்தில் ஒரு பங்கு இருந்தாலே நல்லது. அப்படிப் பார்த்தாலும் 8 கோடி லிட்டர் இருக்கிறதே! அதுவும் மக்களின் தேவையைப் போலப் பதினொரு மடங்கு அல்லவா?

விடை வயலில் இருக்கிறது. ஒரு போக நெல்லுக்கு வயலில் மொத்தம் ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் தேவை. ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஆகவே ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ 48 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் வேண்டும். இது 240 பேருக்கு ஓராண்டு முழுவதும் வீட்டுத் தேவைக்குப் போதுமான நீர்! இன்னொரு வகையில் சொன்னால், 247 ஏக்கர் கொண்ட ஒரு சதுர கிலோ மீட்டரில் ஊறும் நிலத்தடி நீர் முழுவதையும் இறைத்தாலும் 16 ஏக்கரில்தான் நெல் விளைவிக்க முடியும். வயலில் நேரே விழும் மழையும் உண்டு. வயலுக்குப் பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மறுபடியும் கீழே இறங்குவதும் உண்டு. அவற்றைச் சேர்த்து 16 என்பதை 25 என்றோ 30 என்றோ திருத்திக்கொள்ளுங்கள். மீதி இருநூற்றுச் சொச்சம் ஏக்கர் புஞ்சையாகத்தான் இருக்க வேண்டும். சோளமும் கம்பும் நிலக்கடலையும் மொச்சையும் இந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களை ஆண்டதற்குக் காரணம் பழக்கம் மட்டுமா? அவற்றுக்கு நெல்லின் நீர்த் தேவையில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

அடிவாரத்து ஊருக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. தன் நிலத்தில் பெய்யாத மழையும் அதற்கு வந்து சேரும். ஊருக்கு மேலே 5 சதுர கிலோ மீட்டர் மலைச்சரிவு ஒரு குளத்துக்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கிறது என்று கொள்வோம். மலையில் மழை அதிகம். 1,200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடையாக வந்து சேர்ந்தால், குளத்துக்கு வருவது 120 கோடி லிட்டர். இதை ஓர் ஏக்கரின் தேவையால் வகுத்தால் ஏறத்தாழ 247 ஏக்கர், அதாவது ஒரு சதுர கிலோ மீட்டர் முழுவதும் நெல்! ஐந்து பங்கு மலை ஒரு பங்கு வயலைக் காக்கிறது. குளத்தில் தேங்கிய நீர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 100 நாளில் அரை மீட்டர் போய்விடும் என்பதால் நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. என்றாலும் இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பழையவர்கள் மலையடியில் ஏன் கரை போட்டார்கள், வரத்து வாய்க்காலை ஏன் கண்ணைப்போல் காத்தார்கள் என்பது புரியும்.

பழனி மலையின் வடக்குச் சரிவிலும் கிழக்குச் சரிவிலும் விழும் நீர் குடகனாறு, நங்காஞ்சியாறு, சண்முகநதி போன்றவற்றின் வழியே அமராவதியை அடைந்து காவிரியில் கலக்கிறது. தெற்குச் சரிவின் நீர் வைகைக்குப் போகிறது. ஆத்தூர் அருகே மலையடியில் உள்ள காமராசர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரத்தின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. 2011-இல் 2,07,327 பேர் வாழ்ந்த அந்த நகரமும் ஓரளவுக்கு இதே மலைக்குக் கடன்பட்டிருக்கிறது.

பாளையம், காய்ச்சல், பம்பு செட்டு

மதுரை நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றில் கன்னிவாடியும் ஒன்று. மலையைக் காவல்சுவராகவும் அடிவாரத்தை வயலாகவும் கொண்ட ஒரு பாளையம் இங்கே அமைந்ததில் வியப்பில்லை. 1792-இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கும்பினியார் கைக்கு மாறியது.

அதன் பின் சில ஆண்டுகளில் மக்கள் தொகையைப் பாதித்த ஒரு துயரம் நேர்ந்தது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் கொடிய காய்ச்சல் பரவிப் பெருவாரியான மக்கள் மாண்டனர். காரணம் அறிய மருத்துவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. கொசுவைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். தெளிந்து மெதுவாக ஓடும் ஓடைகளில் முட்டையிடும் ஒரு வகை மலேரியாக் கொசுவுக்கு மலையடிவாரம் மிகப் பிடித்த இடம். ஆக, நீர் அருகில் இருப்பது வயலுக்கு நன்மை, உடலுக்கு ஆபத்து என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1821-இல் வார்டு என்ற நில அளவை அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். கொசு ஏறாத உயரத்தைத் தேடி அவர்கள் போனார்கள். அடிவாரத்து உழவர்களுக்கு அந்த வசதி ஏது? அவர்கள் காய்ச்சலோடும் வயலோடும் இங்கேயே இருந்தார்கள். மலையிலோ அவர்களுக்கெல்லாம் முன்பே பளியர் முதலிய பழங்குடியினர் வாழ்ந்துவந்தனர்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் பெரிய மாற்றங்கள் வந்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. மலேரியா ஒழிப்புப் பணி நடந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. இவற்றுள் நீர்க் கணக்கை அடியோடு மாற்றியது மூன்றாவதுதான்.

கமலை கட்டி இறைத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாடுகளின் திறன் ஒரு குதிரைத்திறனுக்கு மேல் போகாது. மாடு களைத்தால் நிறுத்த வேண்டும். நீர்மட்டம் கமலைக் கயிற்றுக்கு எட்டாவிட்டாலும் நிறுத்த வேண்டும். கிணறு தன்னைத் தானே காத்துக்கொண்டது எனலாம். 5 குதிரைத்திறன் பம்புக்குக் களைப்பு இல்லை. அதன் ஆற்றலில் பாதி பயன்பட்டால், 10 மீட்டர் ஆழத்திலிருந்து வினாடிக்கு 19 லிட்டர் நீரை அது மேலே தள்ளும். அதே பம்பு 100 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கும் நிலை வந்தால் வினாடிக்கு 2 லிட்டருக்கும் குறைவு. ஆழம் பத்து மடங்கானால் அதே மின்சாரத்துக்கு நீர் பத்தில் ஒரு பங்கு. நிலையாற்றலுக்கான வாய்பாட்டை வகுப்பில் மனப்பாடம் செய்கிறீர்களே, அது இங்கே உழவர்களின் தோட்டத்தில் வேலை செய்கிறது.

முன்பு சொன்ன பாறையை இப்போது நினைவுகூருங்கள். சார்னோகைட்டிலும் அதன் உறவுப் பாறைகளிலும் நீர் தங்குவது மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். சிதைந்த அடுக்கின் கன அளவில் நமக்குக் கிடைக்கக்கூடிய நீர் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. ஒரு நல்ல பருவமழையில் 80 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினால் கிணற்று மட்டம் எவ்வளவு உயரும்? 80 மில்லிமீட்டரை 0.02 ஆல் வகுத்தால் 4,000 மில்லிமீட்டர், அதாவது 4 மீட்டர்! கார்த்திகையில் கிணறு மளமளவென்று நிரம்புவதைக் கண்டு ஊரே மகிழ்கிறது. ஆனால் அந்த 4 மீட்டருக்குள் இருப்பது 80 மில்லிமீட்டர் நீர்தான். ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடும். அதற்குக் கீழே துளைத்துக்கொண்டு 800 அடி, 1,000 அடி என்று போகிறவர்கள் தேடுவது வெடிப்புகளை. ஆழம் கூடக்கூட மேலிருக்கும் பாறையின் அழுத்தத்தால் வெடிப்புகள் குறைகின்றன. அங்கே கிடைப்பது பெரும்பாலும் மெதுவாகச் சேர்ந்த நீர். ஓரிரு ஆண்டுகளில் இறைத்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு துளை போடுவதைச் சேமிப்பைச் செலவழிப்பது என்றுதான் நான் சொல்வேன். அந்தத் துளைக்கு ஆகும் செலவு பல குடும்பங்களில் கடனாக நிற்கிறது.

மேலே மலையிலும் மாற்றம் நடந்திருக்கிறது. சோலைக்காடும் புல்வெளியும் இருந்த உயரங்களில் சென்ற நூற்றாண்டில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. காடு என்றாலே நீர் பெருகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மரமும் நீர் குடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. எந்த மரம், எந்த மண், எந்தச் சரிவு என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 2013-இல் மலையின் ஒரு பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கன்னிவாடி வனச்சரகத்தை ஒட்டிய தோட்டங்களுக்கு யானையும் காட்டெருமையும் இறங்கி வருவது வழக்கம். இந்த நீரையும் நிலத்தையும் பகிர்ந்துகொள்வோர் பட்டியலில் அவையும் இருக்கின்றன. மக்கள் தொகைக் கணக்கில் மட்டும் அவை வருவதில்லை.

சதுரமாக வெட்டிய ஊர்கள்

ஒப்பிட்டுப் பார்க்க உலகின் மறுபக்கம் செல்வோம். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களின் வரைபடத்தைப் பார்த்தால் ஊர்ப்பகுதிகள் சதுரங்கப் பலகை போல் தெரியும். 1785-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தை 6 மைல் நீளம், 6 மைல் அகலம் கொண்ட சதுரங்களாக அளந்து வெட்டினார்கள். ஒவ்வொன்றும் 36 சதுர மைல். நம் கணக்கில் 93 சதுர கிலோ மீட்டர். இதை 'டவுன்ஷிப்' என்பார்கள். ஓடையும் மேடும் எங்கே இருந்தாலும் கோடு நேராகவே போகும். சமவெளியானதாலும், பயிருக்கு வேண்டிய மழை பயிர்க் காலத்திலேயே வயலில் நேரடியாகப் பெய்வதாலும் அவர்களுக்கு அது ஒத்துவந்தது. (அங்கே முன்பு வாழ்ந்த செவ்விந்தியப் பழங்குடிகளிடமிருந்து அந்த நிலம் எப்படிப் பெறப்பட்டது என்பது வேறொரு சோகக் கதை.)

அப்படிப்பட்ட நாட்டுப்புறச் சதுரங்கள் பலவற்றில் இன்று ஆயிரம் பேர்கூட இல்லை. அதே 93 சதுர கிலோ மீட்டரில் திண்டுக்கல் மாவட்டத்தின் நெருக்கத்தில் மக்களை வைத்தால் 32,000-க்கு மேல் வருவார்கள்! அமெரிக்காவில் சராசரிப் பண்ணையின் அளவு 400 ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட முழுதாக இல்லை. அங்கே ஒரு பண்ணையில் ஒரு கிணறு வற்றினால் ஒரு குடும்பத்தின் கவலை. இங்கே அதே பரப்பில் இருநூறு குடும்பங்கள். இருநூறு பேரும் தனித்தனியே துளை போட்டாலும் கீழே இருப்பது ஒரே நீர்.

கன்னிவாடி போன்ற ஊரைச் சதுரமாக வெட்ட முடியுமா? வெட்டலாம், ஆனால் ஒரு சதுரத்தில் மலை முழுவதும், அடுத்த சதுரத்தில் மக்கள் முழுவதும் விழுந்துவிடும். 10 சதுர கிலோ மீட்டர் உள்ள ஒரு பகுதியில் 7 சதுர கிலோ மீட்டர் ஆளில்லா மலைச்சரிவு, மீதி 3-இல் 3,000 பேர் என்றால், ஏட்டில் மக்கள் நெருக்கம் 300, உண்மையில் 1,000. 'சராசரி' என்ற சொல்லைக் கண்டால் சற்று நின்று யோசியுங்கள். அந்த 7 சதுர கிலோ மீட்டரைக் காலியிடம் என்று நினைத்துவிடவும் கூடாது. மற்ற மூன்றும் குடிப்பது அங்கிருந்து வரும் நீரை.

கணக்கெடுப்பு சொல்வது

2001-இல் 19,23,014 ஆக இருந்த திண்டுக்கல் மாவட்ட மக்கள் தொகை 2011-இல் 21,59,775 ஆயிற்று. பத்தாண்டு வளர்ச்சி 12.3 விழுக்காடு. கூட்டுவட்டிக் கணக்குப்படி இதே வேகம் நீடித்தால் இரட்டிப்பாக ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆகும். ஆனால் நீடிக்காது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8 என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கண்டது. மக்கள் தொகை நிலையாக இருப்பதற்கே 2.1 வேண்டும். நூற்பாலைகளுக்கும் திருப்பூருக்கும் வெளியூர்ப் படிப்புக்கும் இளைஞர்கள் போகிறார்கள். முதியோர் விகிதம் கூடுகிறது. தலைகள் பெருகுவதால்தான் நீர் போதவில்லை என்று சொல்வோருக்கு இந்த எண்களையும் முன்பு போட்ட எழுபது லட்சம் லிட்டர் கணக்கையும் காட்டலாம்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றுக் காலத்தில் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதில் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். கிணற்றில் எத்தனை அடியில் நீர் நிற்கிறது என்று கேட்க மாட்டார்கள். அதை நீங்களே எடுக்கலாம்.

அதற்கு வேண்டியவை ஒரு நீண்ட கயிறு, ஒரு எடைக்கல், ஒரு குறிப்பேடு. சுற்றுச்சுவர் உள்ள ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்; பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, கல் நீரைத் தொடும்வரை இறக்கி, சுவரின் மேல் விளிம்பிலிருந்து ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்பு ஓடி நின்றவுடன் அளந்தால் தவறான எண் கிடைக்கும். காலையில், இறைப்பதற்கு முன் அளக்க வேண்டும். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில் அளந்தால் போதும். பள்ளி மாடியில் நேரான பக்கங்களுள்ள ஒரு பாத்திரத்தை வைத்து மழையையும் மில்லிமீட்டரில் அளந்து வாருங்கள். கார்த்திகையில் 6 மீட்டரில் இருந்த நீர் சித்திரையில் 11 மீட்டருக்குப் போனால், இறக்கம் 5 மீட்டர். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு 100 மில்லிமீட்டர். அந்த ஆண்டு உங்கள் பாத்திரத்தில் விழுந்த மழையில் பத்தில் ஒரு பங்கு 80 மில்லிமீட்டர் என்றால், மீதி 20 மில்லிமீட்டர் எந்த ஆண்டின் மழையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்வி வரும். குறிப்பேட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.